சரோஜா கொடுத்த கம்ப்யூட்டரும் என் தேங்காயெண்ணெயும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. வரி கோணலாகப் போகும். நடுவில் ஒரு சங்கதி மறந்துபோய் அடுத்த பக்கத்தில் ஞாபகம் வரும். பொறுத்துப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். மீன் விற்கப் போன காலத்திலேயே கூவி விற்றதில்லை. கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருப்பேன். (பக்கத்துக் கூடைக்காரி கூவுகிற கூவலில் என் மீனும் சேர்ந்து போய்விடும்.)

ஆனால் பொறாமைப்படுவதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்துகொண்டே பண்ணலாம். அதில் எனக்கு நல்ல கைராசி.

நான் பொறாமைப்பட்ட ஆள் சரோஜா. என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி, எனக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள்தான். தம்பிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு கரையைத் தாண்டினாலே வாந்தி எடுப்பார். சரோஜா பத்தாவது படித்தவள். புருஷனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போய், வடக்கு வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தாள். ஜெராக்ஸோடு டைப்பிங் வந்தது, டைப்பிங்கோடு கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டரோடு சரோஜாவுக்கு மூக்குக் கண்ணாடியும், அது விழாமல் இருக்கக் கழுத்தில் ஒரு சங்கிலியும் வந்தது.

நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வந்தால் அவள் பேச்சே வேறே. "சிஸ்டம் ரொம்ப ஸ்லோக்கா, ரேம் பத்தல" என்பாள். "ஹார்டு டிஸ்க் போயிட்டா அவ்ளோதான், மொத்தமும் போச்சு" என்பாள். என் மாமியார் வாயைப் பிளந்து கேட்டுத் தலையை ஆட்டும். மாமியாருக்கு ரேம் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஆனால் நான் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துப் பரிமாறின ஒருநாளாவது அந்தத் தலை அப்படி ஆடியிருக்குமா? மீன் குழம்புக்கு ஆடாத தலை ரேமுக்கு ஆடுகிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தாளே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் கடைக்குட்டி மேகலா டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். கொரோனா முடிந்து ஒரு வருஷம் இருக்கும். கடலூர் புதுநகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர், கல்யாண ஆல்பம் டிசைன் பண்ண ஆள் வேண்டும் என்றார். வீட்டிலிருந்தே பண்ணலாம், சொந்தமாகக் கம்ப்யூட்டர் மட்டும் வேண்டும். வாங்க நமக்கு வசதியில்லை. இதைக் கேள்விப்பட்ட சரோஜா, தன் கடையில் இருந்த பழையதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள்.

"கடைக்குப் புதுசு வாங்கிட்டோம்க்கா. இது சும்மாதான கெடக்குது. மேகலா வச்சிக்கட்டும்" என்றாள்.

மேகலா சித்தி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் காபி போடப் போகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அந்தப் பெட்டியின் முகப்பில், குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தது மாதிரி, 'சரோஜா ஜெராக்ஸ், சிதம்பரம்' என்று மஞ்சளில் ஒரு ஸ்டிக்கர். காலையில் நான் கண் விழித்தால் அதில்தான் விழிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "இதுதான் சரோஜா குடுத்த கம்ப்யூட்டரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஒருநாள் மேகலா அதன் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி உள்ளே எதையோ செருகிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஊரே இருந்தது. ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா?"

"சொம்மாதான். வூட்டுல இருக்கிற பொருளு, பேரு தெரிய வேணாமா?"

(சும்மா இல்லை. அடுத்த தடவை சரோஜா வரும்போது நான் ஒரு வார்த்தையாவது எடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.)

மேகலா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் எனக்குத் தெரிந்த வகையில் மனசில் போட்டுக்கொண்டேன். மதர்போர்டு என்பது படகின் அடிப்பலகை, எல்லாம் அதன்மேல்தான் உட்கார வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, ஆளுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுப்பது, படகு திரும்பியதும் பங்கு பிரிக்கிற மாதிரி. ரேம், கரையில் மீனைக் கொட்டி ஏலம் விடுகிற இடம். வேலை நடக்கிற வரைக்கும் குவியல் குவியலாகக் கிடக்கும், கரண்ட் போனால் வெறும் மணல். ஹார்டு டிஸ்க், ஐஸ் பெட்டி. வைத்தது வைத்தபடி இருக்கும். நடுவில் ஒரு சின்ன காற்றாடி, அதற்கு அடியில் பிஸ்கட் மாதிரி ஒரு சதுர வில்லை. அதுதான் படகு ஓட்டுகிற ஆள். மூளை வேலை எல்லாம் அதற்கு. தலை சூடாகாமல் இருக்கத்தான் மேலே காற்றாடி.

"இதுக்குப் பேருதாம்மா சிபியு" என்றாள் மேகலா. "வெளிய இருக்கிற பெட்டிக்குக் கேபினெட்டுன்னு பேரு. எல்லாரும் பெட்டியவே சிபியு, சிபியுன்னு சொல்லுவாங்க. அது தப்பு."

"ஒங்க சித்தியும் பெட்டியத்தான் சிபியுன்னு சொல்லுது?"

"சித்தியும் தப்பாத்தான் சொல்லுது."

அன்றைக்கு ராத்திரி சோறு எனக்கு அத்தனை ருசியாக இறங்கியது. தொட்டுக்கொள்ள வெறும் ஊறுகாய்தான்.

அதற்குப் பிறகு ஆடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள், சொந்தமெல்லாம் வரும். வெள்ளிக்கிழமை சரோஜா போன் பண்ணி வருகிறேன் என்றாள். அதோடு வைத்திருக்கலாம்.

"போன தடவ பாத்தேன்க்கா, சிபியு பின்னாடி ஸ்குரூ எல்லாம் துரு ஏறிக் கெடக்குது. கடக்காத்துல இருக்கிறவங்க பாத்து வச்சிக்கணும். பண்டம் பாழாப் போவுதில்ல" என்றாள்.

கடற்காற்றைப் பற்றி எனக்குப் பாடம். ஜன்னல் கம்பியையே உப்பு தின்றுவிடுகிற வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறவள் நான். கடலில் வாந்தி எடுத்தவரின் பெண்சாதி அவள்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு முறை உண்டு. உப்புக்கு நல்ல தண்ணி, துருவுக்கு எண்ணெய். படகு மோட்டாரைக் கழற்றி வந்தால் முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது, வெயிலில் உலர்த்துவது, அப்புறம் எண்ணெய் போட்டுத் துடைப்பது. எங்கள் வீட்டில் அருவாமனையிலிருந்து ஆணி வரைக்கும் இந்த முறையில்தான் தப்பித்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சரோஜா வந்து பார்க்கும்போது, அவள் கொடுத்தபோது இருந்ததைவிடப் பளபளவென்று இருக்க வேண்டும். அவள் கடையில் இருக்கிற புதுசு வெட்கப்பட வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

சனிக்கிழமை காலையில் மேகலா ஸ்டுடியோவுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும், படகுச் சாமான் பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது பெயரைச் சொல்லிச் சொல்லிக் கழற்றினேன். ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. அந்தப் பெருமையில்தான் மதி மழுங்கிவிட்டது. பெயர் தெரிந்தால் பண்டமும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

மதர்போர்டை முற்றத்தில் வைத்து, ஒரு பாக்கெட் ஷாம்பு போட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் விரல் போகவில்லை, ஓட்டை வழியாக ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். கறுப்பாக வந்தது. (எனக்கு என்ன ஒரு சந்தோஷம்! சரோஜா கடை அழுக்கு.) காற்றாடியைத் தூக்கினால், படகு ஓட்டுகிற வில்லையின் தலையில் வெள்ளையாக, பிசுபிசு என்று பல்லி எச்சம் மாதிரி ஒன்று அப்பிக் கிடந்தது. இத்தனை நாளாக ஒருத்தியும் இதைத் துடைக்கவில்லையே என்று அதையும் சுரண்டி எடுத்தேன். ரேமின் ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும், அதற்கு மட்டும் விபூதி போட்டுத் தேய்த்தேன். தோட்டுக்குப் போடுகிற மாதிரி. ஹார்டு டிஸ்க் திறப்பே இல்லாமல் மட்டிச் சிப்பி மாதிரி மூடிக் கிடந்தது. சரி, ஐஸ் பெட்டியைத் திறந்தால் மீன் கெட்டுவிடும் என்று காய்ந்த துணியால் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

மற்றது எல்லாவற்றையும் நெத்திலி காய்கிற பாயில் ஓரமாகப் பரப்பினேன். அப்போது என் வீட்டுக்காரர் வலை வேலை முடித்து வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னா பூங்காவனம், புது வகைக் கருவாடா இருக்குது?"

"மேகலா கம்ப்யூட்டரு. துரு ஏறிப்போச்சுன்னு ஒங்க தம்பி பொண்டாட்டி சொல்லிச்சி."

"நல்ல தண்ணியில கழுவனியா?"

"கழுவனேன்."

"வெயிலு நல்லாத்தான் இருக்குது. ஆயில் போட மறந்துடாத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க மோட்டாரோடு கிடந்த மனுஷன். அவரே சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம்?

மோட்டார் ஆயில் போட்டால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தேங்காயெண்ணெயை எடுத்தேன். நல்ல செக்கு எண்ணெய், என் தலைக்கே எண்ணித்தான் வைப்பேன். கோழி இறகில் தொட்டு, மதர்போர்டு முழுக்கத் தடவினேன். காற்றாடியின் குழியில் இரண்டு சொட்டு. வில்லைக்குக் குழந்தை உச்சியில் வைக்கிற மாதிரி தாராளமாக. கடைசியாக முகப்புக்கு வந்தேன். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காயெண்ணெய் நல்ல மருந்து, தெரியுமில்லையா? ஊறவைத்துச் சுரண்டினதில் 'ஜெராக்ஸ், சிதம்பரம்' போய்விட்டது. 'சரோஜா' மட்டும் போகவே மாட்டேன் என்றது. ஆள் மாதிரியேதான் ஸ்டிக்கரும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஒரு ஸ்குரூகூட மிச்சம் விழவில்லை.

மதியம் மேகலா வந்தாள். "யாரும்மா எண்ண தேச்சிக் குளிச்சது?" என்று கேட்டுக்கொண்டே ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்கமாக ஒரு புகை எழுந்து, அவசரமில்லாமல் ஜன்னல் பக்கம் போனது. வீட்டில் ஃபேன் நின்றது. அப்பளம் கருகின வாசனை.

மேகலா தகரத்தைக் கழற்றிப் பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"அம்மா, இன்னா பண்ண?"

"தொடச்சேன்."

"எதால?"

கோழி இறகு கையிலேயே இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "திங்கக்கெழம ஆல்பம் குடுக்கணும்மா. குடுத்தாத்தான் வேலன்னு சொல்லியிருக்காரு. மொத்தமும் இதுலதான் இருக்குது" என்றாள். அது யாரோ ஒரு பண்ருட்டிப் பெண்ணின் கல்யாணம். முகம்கூட எனக்குத் தெரியும், மேகலா காட்டியிருக்கிறாள். என் பொறாமையில் என் பெண்ணின் வேலையும் அந்தப் பெண்ணின் கல்யாணமும் சேர்ந்து புகையாகப் போய்விட்டதே என்று முந்தானையால் அந்த எண்ணெயை ஒற்றி எடுக்கப் பார்த்தேன்.

மேகலா யாருக்குப் போன் போட்டாள் என்று நான் சொல்லவே வேண்டாம். ஸ்பீக்கரில் குரல் கேட்டது: "அழுவாத கண்ணு. சிபியுவ எடுத்துக்கினு பஸ் ஏறு. சித்தி இருக்கேன்ல."

சித்தி இருக்கிறாளாம்.

பையில் அடங்காததால் மீன் அன்னக்கூடையில் பெட்டியை வைத்துத் துண்டு போட்டு மூடி, மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் துண்டைப் பார்த்தார்.

"கருவாடுன்னா மேல போடும்மா, ஜனங்க மேல படுது."

"கருவாடு இல்ல, கம்ப்யூட்டரு" என்றேன் மெதுவாக.

அவர் ஒருதரம் மோந்து பார்த்தார். "கம்ப்யூட்டரு நெத்திலி வாசம் அடிக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மேகலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் நான் அம்மனை வேண்டிக்கொண்டு வந்தேன். முதலில், இதைச் சரோஜாவால் சரி பண்ண முடியக் கூடாது என்று வேண்டினேன். உடனே மேகலா வேலை ஞாபகம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், ஆனால் அது சரோஜா கையால் கிடைக்கக் கூடாது என்று மாற்றி வேண்டினேன். ஆடி மாசம், அம்மனுக்கு எத்தனையோ வேலை. என் வேண்டுதலைப் பாதிதான் காதில் வாங்கினாள்.

சரோஜா கடையில் ஒரே கூட்டம். காலேஜ் பிள்ளைகள் பிரின்ட் எடுக்க வரிசையில் நின்றார்கள். சரோஜா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பார்க்காமலேயே தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து வந்தாள். கூடையை இறக்கும்போதே அரைகுறையாக நின்ற ஸ்டிக்கரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"இந்தச் சிபியுவ இப்பிடி மேசமேல வையி மேகலா" என்றாள்.

அங்கேதான் எனக்குப் பேய் பிடித்தது. செத்த பண்டத்தைச் சுமந்துகொண்டு, நெத்திலி வாசத்தோடு, உதவி கேட்டு வந்து நிற்கிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய இடம். மூடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. ஆயுசிலேயே முதல் தடவையாக நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசினேன்.

"இது சிபியு இல்ல சரோஜா. பெட்டிக்குப் பேரு கேபினெட்டு. சிபியு உள்ள இருக்குது, காத்தாடிக்கு அடியில. சின்ன வில்ல."

வரிசையில் நின்ற ஒரு பெண், "ஆயா சொல்றது கரெக்டுதான்" என்றாள். எனக்குப் பஸ்ஸில் பட்ட அவமானமெல்லாம் ஒரே நொடியில் கரைந்துபோனது. சரோஜாவின் முகத்தைப் பார்த்தேன். சிவந்துபோயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் ஆசையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் தகரத்தைக் கழற்றினாள். காற்றாடியைத் தூக்கினாள். அடியிலிருந்து எண்ணெய் நூலாக இறங்கி மேசையில் சொட்டியது. கண்ணாடியை இறக்கி, அதற்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிக்கா. இந்த வில்லதான் சிபியு. இதத்தான் நீங்க எண்ணயில பொரிச்சி எடுத்துனு வந்திருக்கீங்க."

கடை முழுக்கச் சிரித்தது. எனக்குப் பரிந்து பேசின பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேகலாவே, அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். நான் அன்னக்கூடையை மடித்து வைக்க முடியுமா என்று பார்த்தேன். அலுமினியம், மடியாது.

சிரிப்பு அடங்கினதும் சரோஜா கேட்டாள், "ஹார்டு டிஸ்க்கையும் குளிப்பாட்டிட்டீங்களாக்கா?"

"இல்ல. அது ஐஸ் பெட்டி. மூடியிருந்திச்சி, தொறக்கல."

"அப்பாடா" என்று அதைக் கழற்றித் தன் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பண்ருட்டிப் பெண் மாலையும் கழுத்துமாக வந்து நின்று, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். மேகலா சித்தியைக் கட்டிக்கொண்டாள். நான் காபி போடப் போக அங்கே அடுப்படி இல்லை, பார்த்துக்கொண்டேதான் நிற்க வேண்டியிருந்தது.

மேகலா சரோஜா வீட்டிலேயே தங்கி ஆல்பத்தை முடித்தாள். வேலையும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சரோஜா கூழுக்கு வந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எப்படி நின்றேன், எண்ணெய் எப்படிச் சொட்டியது என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினாள். மாமியார் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, தலையில் தட்ட வேண்டியிருந்தது. (நான்தான் தட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன்.)

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாருடைய போனாவது நின்றுபோனால், "பெரியம்மாகிட்ட குடு, எண்ண வச்சி வெயில்ல போட்டுக் குடுக்கும்" என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மாசம் ஒரு காதுகுத்தில் சரோஜாவைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பெட்டியப் போயி சிபியுன்னு சொல்றீங்களே, அது கேபினெட்டு. சிபியு உள்ள ஃபேனுக்கு அடியில இருக்குது" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொல்கிறாள். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். என் மாமியார் தலையை ஆட்டுகிறது. அது என் வார்த்தை. ஒரு கம்ப்யூட்டரைக் கொன்று நான் சம்பாதித்த வார்த்தை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன், கூச்சம் வந்துவிட்டது. எழுந்துபோய் இலை எடுத்தேன்.

இதில் நான் எழுதியிருக்கிற பெயர்களும், எது எதன்மேல் உட்காரும் என்பதும் சரிதானா என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் பிசினுக்கு ஒரு பெயர் சொன்னார்கள், அது மட்டும் மறந்துவிட்டது, அதையும் எழுதிவிடுங்கள். சரிபார்க்கிறவர் எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. சிதம்பரம் வடக்கு வீதி மட்டும் வேண்டாம்.